தொடாமல் விட்டதால் பிழைத்தவை: பழைய சொகுசு கார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டேஜ் கார் கண்காட்சிகளில் பளபளக்கும் வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். ஓரத்தில், மங்கிய பெயிண்டோடும் வெடித்த தோல் இருக்கைகளோடும் நிற்கும் ஒரு ரோல்ஸ் ராய்ஸையோ புகாட்டியையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. தொழில்நுட்பம், வரலாறு, கொஞ்சம் வம்பு எல்லாம் கலந்தே வரும். பதில்களும் அப்படித்தான்.

‘அசல் நிலை’ என்று எதைச் சொல்கிறார்கள்? புதுப்பித்த வண்டி இதைவிட அழகாகத்தானே இருக்கிறது?

வண்டி முதன்முதலில் வெளியே வந்தபோது இருந்த பெயிண்ட், தோல், துணி, மரம், எஞ்சின், விளக்குகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்றும் அதே வண்டியில் இருந்தால் அது அசல் நிலை. டயர், பேட்டரி, எண்ணெய், ரப்பர் குழாய் போலத் தேய்ந்து மாற வேண்டியவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மட்கார்டுக்கு மட்டும் எப்போதோ மறுபடி பெயிண்ட் அடித்திருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் பிரித்து, சுரண்டி, புதுப் பெயிண்டும் புதுத் தோலும் போட்டுவிட்டால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது புதுப்பிக்கப்பட்ட கார்.

புதுப்பித்த வண்டி அழகுதான். பல சமயம் அது பிறந்த நாளில் இருந்ததைவிடவும் அழகு. சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் உட்புறத்தையும் அடித்தட்டையும் அந்தக் காலத்தில் யாரும் முகம் தெரியும்படி மெருகேற்றவில்லை. இன்றைய போட்டி வண்டிகளில் ஏற்றுகிறார்கள். அந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்டால் புதுப்பித்தவரின் வேலை தெரியுமே தவிர, முதலில் செய்தவரின் வேலை தெரியாது.

அமெரிக்காவின் பெபிள் பீச்சில் நடக்கும் பழைய கார் போட்டியில் அசல் நிலை வண்டிகளுக்கென 2001இல்தான் தனிப் பிரிவு வந்தது. அதுவரை, பழைய பெயிண்டோடு வந்தவரைக் கஞ்சர் என்றே நினைத்தார்கள். 2024இல் அதே போட்டியின் தலைசிறந்த காராக, புதுப்பிக்கப்படாத 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 ஒன்று தேர்வானது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த வண்டி. கறுப்பு உடலில் மஞ்சள் பட்டை. அசல் நிலைப் பிரிவிலிருந்து ஒரு கார் அந்தப் பரிசை எடுத்தது அதுவே முதல் முறை. இருபது ஆண்டுகளில் ரசனை இவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது.

நூறு வருடம் ஆகியும் இப்படி இருக்கிறதென்றால், அந்தக் காலத்துத் தரம்தானே காரணம்?

பாதி உண்மை. மீதிப் பாதியில் ஒரு கண்கட்டு இருக்கிறது. நம் முன்னால் நிற்பது பிழைத்த வண்டி மட்டுமே. அதே ஆண்டில், அதே தொழிற்சாலையில், அதே கைகளால் செய்யப்பட்டு எடைக்குப் போன வண்டிகள் கண்காட்சிக்கு வருவதில்லை.

உண்மையான பாதியைச் சொல்கிறேன். ரோல்ஸ் ராய்ஸின் ரேடியேட்டர் கூடு தொடக்கத்தில் ஜெர்மன் சில்வர் எனப்படும் நிக்கல் கலப்பு உலோகத்தில் செய்யப்பட்டது. பின்னர் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. மேலே முலாம் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. பாடித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். பிரேக் இன்னும் சுவையான விஷயம். 1924 முதல் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வந்தபோது, ஹிஸ்பானோ சூயிஸாவின் காப்புரிமையைப் பயன்படுத்தி, கியர்பாக்ஸிலிருந்து சுழலும் ஒரு சர்வோவை, அதாவது மிதிக்கும் விசையைப் பெருக்கும் அமைப்பை, வைத்தார்கள். அது தண்டுகளையும் கம்பிகளையும் இழுத்து பிரேக்கை இயக்கும். பின்னாளில் வந்த ஹைட்ராலிக் பிரேக்கில் இருக்கும் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; சில ஆண்டுகள் வண்டியை நிறுத்திவைத்தாலே உள்ளே சிலிண்டர்கள் அரித்துவிடும். தண்டும் கம்பியும் முப்பது ஆண்டு தூங்கினாலும் எண்ணெய் கண்டால் அசையும்.

எதிர் உதாரணமும் அதே நிறுவனத்தில் உண்டு. 1936இல் வந்த ஃபேண்டம் 3, அலுமினிய வி-12 எஞ்சின் கொண்டது. அன்றைய பொறியியலின் உச்சம். ஆனால் அதன் வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகளுக்கு அழுக்கு எண்ணெய் ஆகாது. குளிர்விக்கும் நீர் செல்லும் வழிகளைக் கவனிக்காமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். புதிதாக இருந்தபோது யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாவது, நான்காவது உரிமையாளர் கைக்குப் போனபோதுதான் எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவு காரின் விலையையே தாண்டியது. எளிமையான வண்டிதான் அலட்சியத்தைத் தாங்கும். உயர்ந்த தரம், நீண்ட ஆயுள் இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் முக்கியக் காரணம்தான் என்ன?

என் கணக்கில் மூன்று: ஒழுகாத கூரை, விற்கத் தேவையில்லாத பணம், மெனக்கெடாத உரிமையாளர். மூன்றாமவர்தான் அரிது.

பணமில்லாதவர் விற்றுவிடுவார். பணமும் ஆர்வமும் உள்ளவர் புதுப்பித்துவிடுவார். வண்டி அசலாகப் பிழைக்க வேண்டுமானால், விற்கவும் மாட்டேன், செலவும் செய்ய மாட்டேன், யாரும் தொடவும் கூடாது என்று முப்பது நாற்பது ஆண்டுகள் முரண்டு பிடிக்கும் ஒருவர் வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போவதும் இதே பலனைத் தரும்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஒரு எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவரின் கதை இதற்குச் சரியான சான்று. அவரிடம் 1937ஆம் ஆண்டு புகாட்டி டைப் 57எஸ் அட்டலாண்ட் ஒன்று இருந்தது. முதல் உரிமையாளர் பந்தய வீரரான ஏர்ல் ஹவ். மருத்துவர் அதை 1950களில் வாங்கி, சில ஆண்டுகள் ஓட்டி, 1960 வாக்கில் வீட்டு கராஜில் நிறுத்தினார். அவ்வளவுதான். வாங்கக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்பதே பதில். 2007இல் அவர் காலமான பின்னரே வண்டி வெளியே வந்தது. 2009இல் பாரிஸ் ஏலத்தில் சுமார் 34 லட்சம் யூரோவுக்குப் போனது. அரை நூற்றாண்டு கைபடாமல் நின்றதே அதன் மதிப்பு. அவர் ஒரு நல்ல பெயிண்டரைக் கூப்பிட்டு ‘சரிசெய்திருந்தால்’ அது மற்றுமொரு பளபளப்பான புகாட்டியாகியிருக்கும்.

கூரை ஏன் முக்கியம் என்பதற்கு பிரான்சைப் பாருங்கள். ரோஜர் பயோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் அருங்காட்சியகம் அமைக்கும் கனவோடு போருக்கு முந்தைய சொகுசு கார்களைச் சேர்த்தார். 1970களில் தொழில் சரிந்தது. ஒரு பகுதி வண்டிகள் ஏலம் போயின. மீதி சுமார் 60 வண்டிகள் மேற்கு பிரான்சில் ஒரு பண்ணையில் அப்படியே கிடந்து, 2014இல் உலகுக்குத் தெரிய வந்தன. அவற்றில் பக்கச் சுவரில்லாத தகரக் கொட்டகைகளின் கீழ் நின்ற டால்போ-லாகோ, டெலாஹே வண்டிகள் பல துருவேறி, தரையோடு தரையாகிவிட்டிருந்தன. மூடிய கராஜுக்குள் இருந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், பழைய பத்திரிகைக் குவியலுக்கு அடியில், ஏறத்தாழ முழுசாக இருந்தது. நடிகர் அலென் டெலோன் ஒருகாலத்தில் ஓட்டிய வண்டி. 2015 ஏலத்தில் 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. ஒரே உரிமையாளர், ஒரே ஊர், ஒரே அலட்சியம். நான்கு சுவர்தான் வித்தியாசம்.

விலையுயர்ந்த வண்டிகள் ஆயிற்றே, எல்லாரும் பத்திரமாகத்தானே வைத்திருப்பார்கள்?

இல்லை. புதிதாக இருக்கும்போதுதான் விலை. பத்து ஆண்டான பெரிய லிமோசினைப்போல வேண்டாத பொருள் வேறு கிடையாது. பெட்ரோலை மடமடவென்று குடிக்கும், ஓட்டுநர் வேண்டும், நிறுத்த மாளிகை வேண்டும். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அவற்றைச் சீண்ட ஆளில்லை. பலவற்றின் பின்பகுதியை அறுத்துவிட்டு, பழுதான வண்டிகளை இழுக்கும் வண்டியாகவும் சரக்கு வண்டியாகவும் மாற்றினார்கள். சில சவ வண்டிகளாயின. சேஸிஸ் அவ்வளவு உறுதி என்பதே அவற்றுக்குக் கேடானது.

போர்கள் மீதியைத் தின்றன. முதல் உலகப்போரில் ரோல்ஸ் ராய்ஸின் சில்வர் கோஸ்ட் மாடல் சேஸிஸ்கள் கவச வண்டிகளாயின. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய இரும்பு திரட்டும் இயக்கங்கள் நடந்தபோது, எத்தனையோ பழைய வண்டிகள் தேசபக்தியோடு உலைக்குப் போயின.

புகாட்டி ராயல் கதையில் இந்த இரண்டும் உண்டு. 12.7 லிட்டர் எஞ்சின் கொண்ட அந்த ராட்சதக் காரை அரசர்களுக்கு விற்கலாம் என்று எட்டோரே புகாட்டி கணக்குப் போட்டார். வீழ்ச்சி வந்தது. வாடிக்கையாளர்களுக்கு விற்றவை மூன்றே மூன்று. குடும்பத்திடமே மூன்று தங்கின. ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தபோது, எர்மெனோன்வில்லில் இருந்த வீட்டில் அந்த மூன்றையும் சுவர் எழுப்பி மறைத்துவைத்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்காம் அவற்றில் இரண்டை வாங்கினார். விலை சில ஆயிரம் டாலர். கூடவே அன்றைய பிரான்சில் கிடைக்காத புதிய ஃபிரிட்ஜ்கள் இரண்டு என்றும் சொல்வார்கள். அந்த இரண்டில் ஒன்று 1987இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. வாடிக்கையாளரிடம் போன இன்னொரு ராயல், நியூயார்க்கில் வெட்டவெளியில் நின்றபோது தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடித்து, காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவர் அங்கிருந்து மீட்டுச் சரிசெய்தார். இப்போது அது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கறுப்பாக இருந்த வண்டியை அவர் வெள்ளையாக்கிவிட்டார்.

பாடியைத் தனியாகக் கட்டினார்கள் என்கிறார்களே, அதற்கும் அசல் நிலைக்கும் என்ன தொடர்பு?

நிறையவே உண்டு. போருக்கு முன் ரோல்ஸ் ராய்ஸ் விற்றது சேஸிஸும் எஞ்சினும் ரேடியேட்டரும் மட்டும்தான். வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு போன்ற பாடி கட்டும் நிறுவனத்துக்கு அனுப்புவார். அவர்கள் ஆஷ் மரத்தில் கூடு செய்து, மேலே அலுமினியத் தகடு போர்த்திக் கொடுப்பார்கள். குதிரை வண்டி கட்டிய அதே கைகள், அதே முறை. 1840இல் சென்னையில் கோச் வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்ஸன் நிறுவனமும் இப்படித்தான் மோட்டார் பாடிகளுக்கு வந்தது.

தனியாக மாட்டியதைத் தனியாகக் கழற்றலாம். அதுதான் வினை. முதல் உலகப்போருக்கு முந்தைய உயரமான மூடிய லிமோசின் பாடிகள் பிற்காலச் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. திறந்த டூரர்தான் அவர்களுக்கு அழகு. எத்தனையோ சில்வர் கோஸ்ட்களின் அசல் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பாணியில் புதுத் திறந்த பாடி கட்டினார்கள். எஞ்சின் அசல், சேஸிஸ் அசல், மேலே இருப்பது நேற்றையது. அதனால்தான் 1912ஆம் ஆண்டு பார்க்கர் லிமோசின் பாடியோடு பிழைத்த ஒரு சில்வர் கோஸ்ட் 2012இல் 47 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ‘கோர்கி’ என்பது அதன் செல்லப்பெயர். கோர்கி நிறுவனம் விற்ற பொம்மைக் காருக்கு மாதிரி அந்த வண்டிதான்.

மரக்கூட்டுக்கு வேறு எமன்கள் உண்டு. ஈரம் பட்டால் ஆஷ் மரம் உளுக்கும், வண்டு துளைக்கும். கதவைத் திறக்கும்போது கீல் பக்கம் தொய்ந்தால் உள்ளே மரம் போய்விட்டது என்று பொருள். அலுமினியத் தகட்டை இரும்பு ஆணி அடித்துப் பிணைத்த இடங்களில் இரு உலோகங்களும் ஈரத்தில் மின்வேதி முறையில் வினைபுரிந்து, அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி பூத்திருக்கும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே இதெல்லாம் நடக்கும்.

முன் இருக்கை கிழிந்து கிடக்கிறது, பின் இருக்கை புத்தம் புதிதாக இருக்கிறது. எப்படி?

முன்னால் ஓட்டுநர் தினமும் உட்கார்ந்தார். முதலாளி எப்போதாவது பின்னால் ஏறினார். பல லிமோசின்களில் ஓட்டுநருக்குக் கூரையே கிடையாது. மழைக்குத் தாங்கட்டும் என்று அவருக்குத் தோல் இருக்கை, முதலாளிக்கு மெல்லிய கம்பளித் துணி. அந்தத் துணிக்கு அந்துப்பூச்சியைத் தவிர எதிரி இல்லை.

அசல் நிலைக்கு அந்த ஓட்டுநர்தான் பெரிய காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துடைப்பது, எண்ணெய் விடுவது, கிரீஸ் வைப்பது எல்லாம் அவர் வேலை. சிலரை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் பள்ளிக்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். ஏலப் பட்டியல்களில் மகாராஜாவின் பெயர் தடித்த எழுத்தில் வருகிறது. ஓட்டுநரின் பெயரை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

குறைவாக ஓடிய வண்டிதான் நன்றாக இருக்குமா?

அப்படித் தோன்றும். ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ஒரு சில்வர் கோஸ்டுக்கு ஆர்டர் கொடுத்தார். மஞ்சள் நிறம், உள்ளே அரியணை போல் உயர்ந்த இருக்கை. வண்டி வந்து சேருமுன் 1911இல் அவர் இறந்துவிட்டார். மகன் அதை விழாக்களுக்கு மட்டும் எடுத்தார். மொத்தம் ஓடியது சில நூறு மைல். அவ்வளவு குறைவாக ஓடியும், பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததால், சௌமஹல்லா அரண்மனையில் காட்சிக்கு வைக்குமுன் அதைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

ஸ்பெயினில் நேர் எதிர். ஃபேண்டம் 4 என்பது 1950 முதல் 1956 வரை அரச குடும்பத்தினருக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டுமே செய்யப்பட்ட கார், மொத்தம் 18. அவற்றில் மூன்று ஃபிராங்கோவின் ஆட்சிக்காலத்தில் ஸ்பெயின் போயின. ஆட்சி மாறியும் வண்டிகள் அரசின் பொறுப்பிலேயே இருந்து, இன்றும் விழாக்களில் ஓடுகின்றன. 2014இல் ஆறாம் ஃபெலிப்பே மன்னரானபோது ஊர்வலம் வந்தது அவற்றில் ஒன்றில்தான்.

ஆகவே ஓடிய தூரம் அவ்வளவு பெரிய விஷயமல்ல. மாதம் ஒருமுறை எஞ்சின் முழுதாகச் சூடாகும் வரை ஓட்டுவது நல்லது. ‘பேட்டரி இறங்காமல் இருக்கட்டும்’ என்று ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதுதான் மோசம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறப் போதிய சூடு கிடைக்காமல், எண்ணெயிலும் சைலென்சரிலும் தண்ணீராகத் தங்கிவிடும்.

நம் நாட்டு மகாராஜாக்களின் வண்டிகள் எல்லாம் என்ன ஆயின? அல்வார் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸில் குப்பை அள்ளியது உண்மையா?

குப்பைக் கதை முதலில். லண்டன் கடையில் அவமதித்தார்கள், பழிவாங்க வண்டிகளை வாங்கித் துடைப்பம் கட்டினார் என்பது கதை. இதே கதை பாட்டியாலா, ஹைதராபாத், பரத்பூர் என்று ஊர் ஊராக வேறு வேறு பெயரில் உலவுகிறது. இணையத்தில் சுற்றும் படத்தில் சக்கரத்துக்கு முன்னால் துடைப்பம் கட்டிய கார் ஒன்று இருக்கும். அன்று செப்பனிடாத சாலைகளில் ஆணியும் முள்ளும் டயரில் ஏறாமல் இருக்க அப்படிக் கட்டும் வழக்கம் உண்டு. நல்ல கதை; நம்பத் தேவையில்லை.

உண்மையில் நடந்தது இதைவிடச் சாதாரணம். 1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பல சமஸ்தானக் குடும்பங்களுக்கு வண்டிகளைப் பராமரிக்க வழியில்லை. வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜ்கோட் மன்னருக்காக 1934இல் செய்யப்பட்ட ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்ற ஃபேண்டம் 2, 1968இல் நாட்டை விட்டுப் போனது; பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பமே அதைத் திரும்ப வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் பழைய கார்களின் ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. தடை, வண்டிகளை நாட்டுக்குள் நிறுத்தியது. ஆனால் அசல் நிலையை அது காக்கவில்லை. உதிரிபாகம் இறக்குமதி செய்ய முடியாத அந்தக் காலத்தில், அம்பாசடர் எஞ்சினையும் ஜீப் அச்சையும் டீசல் எஞ்சினையும் மாட்டித்தான் பல வண்டிகளை ஓட்டினார்கள். மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தைக் குறை சொல்ல முடியாது. வண்டியை உயிரோடு வைத்தது அதுதான்.

நல்ல விதிவிலக்கு உதய்பூர். மேவார் அரச குடும்பத்தின் பழைய மோட்டார் கொட்டகையே 2000ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வண்டிகள் தாங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பழைய பெட்ரோல் பம்பும் அங்கேயே இருக்கிறது.

ராஜஸ்தானில் சரி. சென்னைக் கடற்காற்றில் இது சாத்தியமா?

கடினம், ஆனால் முடியும். அருங்காட்சியகங்கள் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கின்றன. சென்னையில் அது கூடிக் குறைந்து எழுபதைத் தாண்டும், உப்பும் சேரும். மூடிய அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தால் போதும். அந்த இயந்திரத்தைச் சில நாட்கள் ஓடவிட்டுப் பின் நிறுத்துவது கூடாது. ஈரம் ஏறி இறங்கினால் மரமும் தோலும் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டி, துருவுக்குத் தொட்டில் கட்டும். பருத்தித் துணி போதும்.

பகுதி அலுமினியம், பகுதி எஃகு என்றிருக்கும் பாடியைவிட முழு அலுமினியப் பாடி இங்கே பிழைக்கும் என்பது என் அனுபவம். எலிக்கு மட்டும் எந்த ஊரும் ஒன்றுதான். இருக்கைக்குள் திணித்த குதிரைமுடியும் பருத்தி நூல் சுற்றிய வயர்களும் அதற்குத் தீபாவளிப் பலகாரம்.

பழைய பெயிண்டை மெருகேற்றலாமா?

எப்போதாவது, கையால். 1920களின் நடுப்பகுதிக்கு முன் பாடிகளுக்கு எண்ணெய்ப் பெயிண்டும் வார்னிஷும் பல அடுக்காகப் பூசி, ஒவ்வொன்றும் காய நாள்கணக்கில் காத்திருந்தார்கள். டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் 1923இல் கார்களுக்கு வந்ததும் மணிக்கணக்கில் காயும் பெயிண்ட் கிடைத்தது. அது ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் கரையும். மட்கார்டு விளிம்பிலும் கதவு முனையிலும் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும் வண்டிகள் பாசத்தோடு தேய்த்தே அழிக்கப்பட்டவை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பாதிப்பு உண்டா?

உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். சில பழைய கார்பரேட்டர்களில் கார்க் மிதவைக்கு அவலரக்கு (ஷெல்லாக்) பூசியிருப்பார்கள். எத்தனால் அதைக் கரைத்து மிதவையை மூழ்கடிக்கும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டாங்கியைக் காலி செய்துவிடுங்கள்.

‘அசல் நிலை’ என்று ஏமாற்றுகிறார்களா?

விலை ஏறியதும் அதுவும் வந்துவிட்டது. தேநீர்ச் சாயத்தில் துணியை நனைப்பதும் புதுத் தோலைக் கசக்கிப் பழசாக்குவதும் நடக்கின்றன. எனவே மேற்பரப்பைப் பார்க்காதீர்கள். இருக்கையைத் தூக்கி அடியில் பாருங்கள். வெயில் படாத அங்கே துணியின் நிறம் மேலே இருப்பதைவிட அடர்த்தியாக இருக்க வேண்டும். தேய்மானம் கைபடும் இடத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள்: கதவுக் கைப்பிடி, ஸ்டீயரிங்கின் இரு பக்கம், கிளட்ச் மிதி. திருகாணிகளின் தலையில் கீறல் இல்லாமல் இருந்தால் யாரும் கழற்றவில்லை. ரப்பர் விளிம்பில் பெயிண்ட் தெறித்திருந்தால் யாரோ தெளித்திருக்கிறார்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். ரோல்ஸ் ராய்ஸுக்கு இது எளிது. ஒவ்வொரு சேஸிஸும் யாருக்கு, எந்தப் பாடியோடு போனது என்ற பழைய பதிவுகளை பிரிட்டனில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கம் பாதுகாக்கிறது.

அப்படியானால் எதையுமே புதுப்பிக்கக் கூடாது என்கிறீர்களா?

இல்லை. மரக்கூடு போய்விட்ட, மூன்று முறை பெயிண்ட் மாறிய, இருக்கை ரெக்சினான வண்டியில் காப்பாற்ற அசல் எதுவும் இல்லை, தாராளமாகப் புதுப்பியுங்கள். ஓட்டுவதற்கு ஆபத்தான பிரேக்கையும் வயரிங்கையும் விட்டுவைக்கும் பிடிவாதமும் எனக்கு உடன்பாடில்லை.

எல்லை எங்கே என்பதற்கு ஒரு விசித்திர உதாரணம்: சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில், மஜ்ஜோரே ஏரியின் அடியில் 1930களிலிருந்து கிடந்த ஒரு புகாட்டி பிரெசியாவை 2009இல் தூக்கினார்கள். ஒரு பக்கம் முழுக்க அரித்துப்போன எலும்புக்கூடு. 2010 ஏலத்தில் அதற்கு இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்தது. வாங்கிய கலிஃபோர்னியாவின் முல்லின் அருங்காட்சியகம் அதை அப்படியே காட்சிக்கு வைத்தது. அது சரி என்றுதான் நினைக்கிறேன். அந்த நிலையில் அதைப் புதுப்பித்தால் கிடைப்பது புதிய கார்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ராலி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். டீசல் எஞ்சின் மாட்டிய பழைய வண்டிகளின் உரிமையாளர்கள் இந்த விதியைப் படித்துவிட்டுத்தான் இப்போது அசல் எஞ்சினைத் தேடி அலைகிறார்கள்.

தாத்தா வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் நிற்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கழுவாதீர்கள். ஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்ற நிலையில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள்; தூசியோடு, எலிக்கூட்டோடு. டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பில், பூஜைச் சீட்டு, சாவி எதையும் எறிய வேண்டாம். கொட்டகையின் பரணையும் பாருங்கள். கழற்றிவைத்த அசல் விளக்கோ கார்பரேட்டரோ பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். வண்டியைக் கல் வைத்து உயர்த்தி, டயர்களிலிருந்து எடையை எடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறிய பின் கையால் மட்டும் சுழற்றிப் பார்க்கலாம். சுழலாவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்து கியரில் போட்டு உதைக்கச் சொல்லும் சித்தப்பாவை டீ குடிக்க அனுப்புங்கள். பிறகு ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எத்தனை பேர் என்று பாருங்கள். டிங்கர் கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் அவர்கள் எல்லாரிடமும் பேசிவிடுங்கள்.